ஐயர் இல்லாத புதன்கிழமை

ஃபாதர்னு சொல்லி எந்திரிச்சு இடம் விட்டீய, நல்லாயிருங்க தம்பி. ஆனா நான் ஃபாதர் இல்ல. வெள்ளை ஜிப்பாவையும் வேட்டியையும் பாத்து எல்லாரும் ஏமாறுததுதான். நான் உபதேசியார். உபதேசியார்னா கோயில்ல ஐயருக்குக் கீழ உள்ள ஆளு. ஐயர்னதும் பூணூல் போட்டவருன்னு நெனைச்சுக்கிடாதீய. எங்க பக்கத்து வேதக்கோயில்ல பாதிரியாரைத்தான் ஐயர்ம்போம். எம் பேரு ஞானாயுதம். பாத்தீயளா, நான் ஐயர் இல்லேன்னு கேக்கும் முன்னாலயே சொல்லிட்டேன். இதே வார்த்தைய ஒரு நாளு சொல்லாம விட்டதுதான் இன்னைக்கு இந்த பஸ்ஸுல கொண்டாந்து உக்கார வச்சிருக்கு.

பாளையங்கோட்டை வரைக்குமா? நானும் அங்கதான். பேராயர் ஆபீசுல பத்தரைக்கு விசாரணை. என் மேல இல்ல, எங்க ஐயர் மேல. நான் சாட்சி. சாட்சின்னா சும்மாவா? முப்பத்தொரு வருஷமா அந்தக் கோயில்ல மணியடிச்சு, பெஞ்சு தொடைச்சு, பாடையத் தூக்குனவன் நானு. வர்ற மார்ச்சோட ஓய்வு. கடைசிக் காலத்துல எனக்கு இது தேவையா சொல்லுங்க.

செத்த இருங்க, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கிடுதேன். உங்க மேல சிந்தாது. ஆங்.

எங்க ஐயரு இருக்காரே, எட்வின் தவசீலன், முப்பத்தெட்டு வயசு. நல்ல மனுசன்தான், அத நான் இல்லேங்கல. ஆனா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால். அவரு பட்டாளத்துலயும் பாதிரியாரு. முழுநேரப் பட்டாளம் இல்ல. டெரிட்டோரியல் ஆர்மின்னு ஒண்ணு இருக்காம். வருஷத்துல ரெண்டு மாசம் கேம்ப்புக்குப் போவணும், நடுவுல கூப்பிட்டா போட்டது போட்டபடி ஓடணும். மிச்ச நாளு எங்க சபை. மிச்ச நாளுங்கது பேச்சுக்குத்தான். போறதுக்கு ஒரு மாசம் முன்னாலயே விடியக்காலம் எந்திரிச்சு கண்மாய்க்கரையில ஓட ஆரம்பிச்சிருவாரு. திரும்பி வந்து ஒரு மாசத்துக்கு உடம்பு மட்டும்தான் எங்க ஊரு நல்வாக்குபுரத்துல இருக்கும். பிரசங்கத்துல பவுல் அப்போஸ்தலன் வரவேண்டிய எடத்துல சுபேதார் வந்து நிப்பாரு.

ஞாயித்துக்கிழமை நாங்க உக்காந்திருக்கது சபையா, அணிவகுப்பான்னு எனக்கே சந்தேகம் வரும்.

அவரு ஊருல இல்லேன்னா எல்லாம் யாரு? நான். காய்ச்சல்னா நான். கடன்காரன் மாதிரி வாசல்ல வந்து நிக்குத ரெண்டு குடும்பத்துச் சண்டையா, நான். அடக்கம்னா நான். போன ஆகஸ்டுல எங்க ஊரு அசனம். அசனம்னா ஊரே கோயில்ல சமைச்சு ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுத பண்டிகை. ரெண்டு நாளைக்கு முன்னால, வடக்க எங்கயோ வெள்ளம்னு போன் வந்துது, பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அடுப்புல அண்டா ஏத்துததுக்கு முன்னால ஜெபம் பண்ண ஆள் இல்ல. யாரு பண்ணினா? நான்தான். சாம்பார்ல உப்பு கூடிப் போச்சு. "ஐயர் ஜெபம் பண்ணியிருந்தா இப்படி ஆவுமா"ன்னு ஒருத்தி என் காதுபடச் சொல்லுதா. உப்புக்கும் ஜெபத்துக்கும் என்னங்க சம்பந்தம்? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிம்பாவ. நான் வேதக்காரன்தான், ஆனாலும் பழமொழிய மாத்த முடியுமா.

நானும் ஐயராகியிருக்க வேண்டியவன் தம்பி. குருப்பட்டத்துக்கு மூணு தடவ மனு போட்டேன். படிப்பு பத்தாதுன்னுட்டாவ. மூணாவது தடவ நேர்காணல் முடிஞ்சு நான் வெளிய வாறேன், உள்ள போறாரு ஒரு பையன், மீசை கூட சரியா மொளைக்கல. அந்தப் பையன்தான் இப்ப எங்க ஐயரு. அத நான் மனசுல வச்சுக்கிடல. விட்டுட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

இப்ப விசயத்துக்கு வாறேன். அன்னா, டிரைவருக்குப் பின்னால முத சீட்டுல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு பாருங்க, தோள்ல சிவப்புத் துண்டு, கறுப்புக் கண்ணாடி. பவுல்துரை அண்ணாச்சி. எங்க ஊருல சைக்கிள் கடை வச்சிருந்தவரு. ரெண்டு கண்ணுலயும் புரை, ஆள் வந்தா நெழலு மாதிரிதான் தெரியும். பொண்டாட்டி இல்ல, ஒரே மக பெங்களூருல. எதுக்கு நான் மெதுவாப் பேசுதேன்னா, அவரு காதுல விழக்கூடாது. கண்ணுதான் போச்சு, காது பாம்புக் காது.

அசனம் முடிஞ்ச பத்தாம் நாளு, புதன்கிழமை. அண்ணாச்சிக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு இழுக்கு. ஆஸ்பத்திரில நாலு நாளு வச்சுப் பாத்துட்டு, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டான். மக ரயில்ல வந்துக்கிட்டு இருக்கா. மத்தியானம் மூணு மணி இருக்கும், பக்கத்து வீட்டு எஸ்தர்கனி அக்கா ஓடி வாறா. "உபதேசியாரே, அண்ணாச்சி திருவிருந்து கேக்காரு, ஐயர் ஐயர்ங்காரு"ன்னு.

திருவிருந்துன்னா உங்களுக்குச் சொல்லணும்லா. அப்பமும் திராட்சரசமும். ஐயர் கைய வச்சு ஜெபிச்சாத்தான் அது திருவிருந்து. நான் ஜெபிச்சா அது வெறும் அப்பம், வெறும் பழச்சாறு. உபதேசியார் பிரசங்கம் பண்ணலாம், பொணத்தப் பொதைக்கலாம், இத மட்டும் தொடக்கூடாது. சட்டம். முப்பத்தொரு வருஷம் அந்த அப்பத்தைத் தட்டுல அடுக்கி வச்சவன் நானு. ரசத்தைக் கிண்ணத்துல ஊத்தி வச்சவன் நானு. ஜெபம் முழுசும் மனப்பாடம். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா தொடக்கூடாது.

நான் போயி கட்டில்கிட்ட நின்னேன். "அண்ணாச்சி, நான் ஞானாயுதம் வந்திருக்கேன்"னேன். கையை இப்படித் தள்ளுதாரு. "நீ வேண்டாம், ஐயர் வரட்டும்"ங்காரு. சாகப்போற மனுசன் சொல்லுத வார்த்தை தம்பி. நீ வேண்டாம். அவரு பொண்டாட்டிய அடக்கம் பண்ணுனது யாரு? அப்பவும் நம்மாளு கேம்ப்புலதான். கொட்டுத மழையில குழிமேட்டுல நின்னவன் நானு. நீ வேண்டாமாம்.

பக்கத்துச் சேகரத்துல, அதாவது அடுத்த சபை வட்டாரத்துல, இன்னொரு ஐயர் உண்டு. நீங்க கேப்பீயன்னு தெரியும். மூணு கிலோமீட்டர்தான். எங்க ஐயரு போவும்போது அவரு நம்பர, ஐயர் அங்கி மாத்துத வெஸ்ட்ரி ரூம் சுவத்துல பெரிசா எழுதி ஒட்டிட்டுத்தான் போனாரு, அவசரம்னா கூப்பிடுங்கன்னு. கூப்பிட்டேன். கூப்பிடாம இருப்பேனா? ரிங் போச்சு. எடுக்கல. அவரு எங்க இருந்தாரோ, சாப்பிட்டுட்டு உறங்குனாரோ. நான் என்ன செய்ய முடியும்?

வெஸ்ட்ரி அலமாரியத் தெறந்தேன். ஐயரோட அங்கி தொங்குது. நான் தேய்ச்சு மாட்டுனதுதான். போட்டேன்.

அப்படிப் பாக்காதீய தம்பி. உசுரு போற மனுசன் ஐயர் ஐயர்னு கேக்காரு. எங்க ஐயரு எங்கயோ வெள்ளத்துல படகு தள்ளிக்கிட்டு இருக்காரு. போட்டேன். சரியா இருந்துது, தைச்சாப்புல. அங்கியோட தெருவழியாப் போவல, அப்பம் ரசத்தோட பையில வச்சுக் கொண்டுபோயி அண்ணாச்சி வீட்டு முன்னறையிலதான் போட்டேன். எஸ்தர்கனி அக்கா அடுப்படியில வெந்நீர் வச்சுக்கிட்டு இருந்தா. நான் உள்ள போனேன். வெள்ளையா ஒண்ணு வாறது அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. "ஐயரே, வந்துட்டியளா"ன்னாரு.

நான் ஒண்ணும் சொல்லல.

இல்லேன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. ஜெபத்த ஆரம்பிச்சேன். ஒரு வார்த்தை விடல. அப்பத்தப் பிட்டு வாயில வச்சேன். ரசத்தக் குடுத்தேன். ரெண்டு சொட்டு கழுத்துல வழிஞ்சுது, நானே தொடைச்சு விட்டேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நானும் அழுதேன். பெருமைக்குச் சொல்லல, அந்த மாதிரி ஒரு திருவிருந்து அந்த ஊருல எந்த ஐயரும் குடுத்ததில்ல.

இதோட முடிஞ்சிருக்கும். யாருக்கும் தெரியாம மண்ணுக்குள்ள போயிருக்கும். என்ன ஆச்சு தெரியுமா? மனுசன் பொழைச்சுட்டாரு!

சிரிக்காதீய. மறுநாள் மக வந்து எறங்குதா, இவரு எந்திரிச்சு உக்காந்து கஞ்சி கேக்காரு. செப்டம்பர் கடைசி ஞாயிறு, எங்க ஐயரு பட்டாளத்துலேருந்து வந்து முத ஆராதனை. எங்க சபையில சாட்சி சொல்லுத பழக்கம் உண்டு. ஆண்டவர் நன்மை செஞ்சா எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொல்லணும். அண்ணாச்சி எந்திரிச்சாரு. "சாகக் கெடந்தேன். ஐயர் வேணும்னு கேட்டேன். ஐயர் வந்தாரு. எங்கெருந்து எப்படி வந்தாருன்னு கேக்காதீய. வந்தாரு, திருவிருந்து குடுத்தாரு, பொழைச்சேன்"ன்னு முழங்குதாரு. சபையே அல்லேலூயாங்குது. பட்டாளத்துலேருந்து ஐயர் ஒத்த மனுசனுக்காக ஓடி வந்தாராம்னு பொம்பளையெல்லாம் கண்ணத் தொடைக்கா. நான் பீடத்துக்குப் பக்கத்துல காணிக்கைப் பையப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. குடுத்தவன் நானு, அல்லேலூயா அவருக்கு!

ஐயரு என்னையப் பாத்தாரு. ஒரு பார்வைதான். "அண்ணாச்சி பொழைச்சதுக்கு ஸ்தோத்திரம்"னு மட்டும் சொல்லிட்டு அடுத்த பாட்ட ஆரம்பிச்சுட்டாரு.

ஆராதனை முடிஞ்சு வெஸ்ட்ரிக்குள்ள கதவச் சாத்துனாரு. "அங்கியப் போட்டீயளா?"ன்னாரு. "போட்டேன்"னேன். எனக்கு அந்நேரம் வந்த ஆத்திரத்துல எல்லாத்தையும் கொட்டுனேன். "நீங்க இருக்கவேண்டிய எடத்துல நீங்க இல்ல, அதனால நான் இருந்தேன். சம்பளம் ஒரு எடத்துல, மனசு ஒரு எடத்துல. ஒரு சபைய மேய்க்க நேரம் இல்லாதவருக்கு எதுக்குய்யா பட்டாளம்?"னேன். அவரு பதிலுக்குக் கத்தியிருந்தா நல்லாயிருக்கும். கத்தல. ஸ்டூல்ல உக்காந்து பூட்ஸ் அழுத்துன காலத் தேய்ச்சுக்கிட்டே, "அங்க இருக்கும்போது இங்கத்த மணி காதுல கேக்கு, இங்க இருக்கும்போது அங்கத்த பையங்க மூஞ்சி கண்ணுல நிக்கு உபதேசியாரே. எது ஒண்ண விட்டாலும் பாதி மனுசனாயிருவேன்"னாரு. எனக்கென்ன அதப் பத்தி? நான் ஒரு எடத்துலயும் முழு மனுசனா இருந்ததில்லையே, அத யாரு கேக்கா?

பொறவு அவரே சொன்னாரு. அந்தப் புதனுக்கு ரெண்டு நாளு முன்னால, வெள்ளத்துல ஆள் எடுக்கப் போன ஒரு பையன் முங்கிட்டானாம். தர்மபுரிப் பக்கத்துப் பையன், நம்ம வேதம் இல்ல. அவங்க பட்டாளத்துல எல்லாச் சாமியும் ஒரே கூரைக்குக் கீழ இருக்குமாம். பூசை வைக்க பண்டிதர் லீவுல போயிட்டாரு. புதன்கிழமை பையனோட அம்மா வந்து பெட்டிகிட்ட உக்காந்துக்கிட்டு, எம் புள்ளைக்கு ஒரு சூடம் காட்ட ஆள் இல்லையான்னு கேட்டாளாம். பண்டிதர் இல்லேன்னா அந்த வேலைய ஐயர் பாக்கணும், ஐயர் இல்லேன்னா பண்டிதர் பாக்கணும், அது அங்க வழக்கமாம். நம்ம ஐயரு யூனிபார்மோட நின்னு சூடம் காட்டியிருக்காரு!

"நானும் என்னுது இல்லாத ஒரு வேலைய அன்னைக்குச் செஞ்சேன்"னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. அதும் இதும் ஒண்ணா? நான் கர்த்தரோட அப்பத்தத் தொட்டேன், அவரு சூடத் தட்டத் தொட்டாரு. அவரு செஞ்சது வேதத்துக்கு விரோதம். நான் செஞ்சது... நான் செஞ்சது வேற. அது ஒரு அவசரம்.

அவரு செஞ்சதும் அவசரம்தானேங்கீயளா? நீங்க யாரு பக்கம்?

சரி விடுங்க. அந்தச் சூடம் காட்டுத போட்டோவ அங்க உள்ள ஒரு பட்டாளத்தான் போன்ல போட்டு, அது சுத்திச் சுத்தி எங்க சபை செக்ரட்டரி ராஜாசிங் கையில வந்துட்டு. தேதி இருக்கு அதுல. அதே புதன்கிழமை. ராஜாசிங் கணக்குப் போட்டுட்டான். ஐயர் அங்க சூடம் காட்டிக்கிட்டு இருந்தா இங்க திருவிருந்து குடுத்தது யாரு? நேரா ஐயர்கிட்டயே போயிக் கேட்டிருக்கான். ஐயர் என்ன சொன்னாரு தெரியுமா? "நான்தான் போன்ல உபதேசியாருக்கு உத்தரவு குடுத்தேன். தப்பு என்னுது. ஆனா அண்ணாச்சிக்கு இது தெரியவேண்டாம். ஐயர் கையால வாங்குனோம்னு நம்பித்தான் அந்த மனுசன் எந்திரிச்சு நடமாடுதாரு"ன்னு.

உத்தரவாம்! எந்த உத்தரவு? எப்ப குடுத்தாரு? எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல தம்பி. சபையும் அவருக்கு, பட்டாளமும் அவருக்கு, அல்லேலூயாவும் அவருக்கு. நான் என் வாழ்நாளுல ஒரே ஒரு காரியம் செஞ்சேன், நானா, எவன் உத்தரவும் இல்லாம. அந்தத் தப்பயும் அவரே எடுத்துக்கிட்டாரு! தப்பு செய்யக்கூட எனக்குத் தகுதி இல்லையா?

ராஜாசிங் அத அப்படியே பேராயருக்கு எழுதிப் போட்டுட்டான். இன்னைக்கு விசாரணையில ஐயரு மேல ரெண்டு குத்தம். சூடம் காட்டுனது ஒண்ணு, எனக்கு உத்தரவு குடுத்தது ஒண்ணு. சபைய விடு, இல்ல பட்டாளத்த விடுன்னு சொல்லுவாவளாம். ரெண்டும் போனாலும் போவும். நான், ஆமா போன்ல சொன்னாருன்னு தலையாட்டிட்டு வந்தாப் போதும், எனக்கு ஒண்ணும் இல்ல, மார்ச்சுல மாலையப் போட்டு அனுப்பிருவாவ. நெசத்தச் சொன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போவச் சொல்லிருவாவ. அந்தக் கோயில் வாசப்படிய மிதிக்க முடியாது. நெசத்தச் சொல்லவேண்டாம்னு நான் இருக்கது எனக்காக இல்ல, அன்னா முன்னால இருக்காருலா, அவருக்காக. ஐயர் கையால வாங்கலேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் இடிஞ்சு போயிருவாரு. அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல.

அவரு எதுக்கு வாறாரா? யாரும் கூப்பிடல. ஐயர விசாரிக்காவன்னு கேள்விப்பட்டு, நான் போயி பேராயர்கிட்ட சாட்சி சொல்லுதேன்னு தானாக் கெளம்பி வந்துட்டாரு. ஸ்ரீவைகுண்டத்துல பஸ் ஏறும்போது என் தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் ஏறுனாரு. நேரா முன்னால போயி முத சீட்டுல உக்காந்துட்டாரு. அங்க போயி, ஐயர்தான் வந்தாருன்னு இவரு சொல்லுவாரு. அந்த போட்டோவ எடுத்து நீட்டுவான் ராஜாசிங். அப்ப தெரியும் இவருக்கு. இருங்க, பொடி மட்டைய எடுத்துக்கிடுதேன். இன்னும் ஒரு சிட்டிகை. ஆங்.

செய்துங்கநல்லூர் தாண்டிட்டா? பேச்சுவாக்குல தெரியல. அண்ணாச்சி இப்பவே எந்திரிச்சு வாறாரே. எறங்க இன்னும் நேரம் கெடக்கு அண்ணாச்சி, உக்காருங்க. பைய, பைய. கம்பியப் புடிங்க. என்னது? எங்கிட்டயா? சொல்லுங்க.

...

கேட்டீயளா தம்பி? குனிஞ்சு என் காதுல என்ன சொல்லிட்டுப் போறாருன்னு கேட்டீயளா?

"ஞானாயுதம், பொடி மட்டைய உள்ள வை. அன்னைக்கு அப்பத்துல அடிச்ச வாசம் இங்க முத சீட்டு வரைக்கும் அடிக்கு"ங்காரு.

அப்ப தெரிஞ்சிருக்கு. வாயில வைக்கும்போதே தெரிஞ்சிருக்கு. எங்க ஐயரு பொடி போடமாட்டாரு, அது ஊருக்கே தெரியும். என் விரல்ல முப்பது வருஷப் பொடி. அங்கிய மாத்துனேன், விரல மாத்த முடியுமா? தெரிஞ்சேதான் என் கையப் புடிச்சு அழுதிருக்காரு. தெரிஞ்சேதான் சபையில எந்திரிச்சு நின்னு, ஐயர் வந்தாருன்னு... எங்கெருந்து வந்தாருன்னு கேக்காதீயன்னு சொன்னாரே, அது... யாரு கேட்டா அவர? நீ வேண்டாம்னு தள்ளுன மனுசன் எதுக்குய்யா எனக்காகப் பொய் சொன்னாரு? ஒரு மாசமா, உனக்காகத்தான் வாயத் தெறக்கலேன்னு அவரு பேரச் சொல்லி உறங்குனேனே. இப்ப நான் யாரு பேரச் சொல்லி உறங்க?

போன் அடிக்கு. ஐயருதான். பேராயர் ஆபீஸ் வாசல்ல நிப்பாரு, உத்தரவு குடுத்தேன்னு சொல்லணும் மறந்துராதீயன்னு சொல்லத்தான் கூப்பிடுதாரு. அடிக்கட்டும்.

நிக்கமாட்டேங்குதே. அஞ்சாறு ரிங் போயிட்டு, இன்னும் வைக்கமாட்டேங்காரு. ஒருத்தரக் கூப்பிடணும்னு நெனைக்கவன் இப்படித்தான் கூப்பிடுவான் போலிருக்கு.

தம்பி, நான் உங்ககிட்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். அந்தப் பக்கத்துச் சேகரம் ஐயர். ரிங் போச்சு, எடுக்கலேன்னேன்லா. ஒரு ரிங்குதான் போச்சு. எடுத்துருவாரோன்னு பயந்து நானே வச்சுட்டேன்.

செத்த வழி விடுங்க. இத எடுத்துப் பேசணும்.

ஐயா, ஞானாயுதம் பேசுதேன். நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். மொதல்ல என்னைய உள்ள கூப்பிடச் சொல்லுங்க.